ஏழில் முடியும் எண்

உட்காருங்கள் சார். செயலாளர் வர அரை மணி நேரமாவது ஆகும். 2B சாவி அவரிடம்தான் இருக்கிறது. காலி வீட்டுச் சாவியை வேறு யாரும் தொட விடமாட்டார். அந்த ஸ்டூலில் உட்காருங்கள். இந்த நாற்காலி வேண்டாம், பின்கால் ஒன்றில் விரிசல். எந்தப் பக்கம் சாய்ந்தால் விழாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த ரெஜிஸ்டரில் பேர் எழுதிவிடுங்கள். அட்டையை அப்புறம் பார்க்கலாம். அவசரமில்லை.

என்ன பார்க்கிறீர்கள்? நான் வாட்ச்மேன் இல்லை. 3A வீட்டுக்காரன், எத்திராஜ். ரயில்வேயில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவன். இந்தக் கட்டடத்துக்கு இப்போது வாட்ச்மேன் கிடையாது. ஏஜென்சியிலிருந்து ஒருவன் வந்தான், பதினோரு நாள் இருந்தான், போனான். அடுத்தவன் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அதனால் வீட்டுக்கு ஒரு பகல் என்று முறை போட்டிருக்கிறோம். இருபத்து நான்கு வீடு இருந்து என்ன, கேட்டில் வந்து உட்காருவது ஏழெட்டுப் பேர்தான். டாக்டர் வீட்டு முறையில் டிரைவர் உட்காருவார். செயலாளர் வீட்டு முறையில் நாற்காலி மட்டும் இருக்கும்.

பழைய வாட்ச்மேன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் நான் சொல்வேன். வீடு பார்க்க வந்த மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன். மூன்று பேருமே குடிவரவில்லை. அதற்கும் செயலாளர் என்னைத்தான் சொல்கிறார். சொல்லிக்கொள்ளட்டும்.

அவர் பேர் தசரதன். அறுபது வயசு இருக்கும். கவனியுங்கள், ‘அவர்’ என்கிறேன். இந்தக் கட்டடத்தில் மற்ற எல்லோருக்கும் அவர் ‘அவன்’தான். பத்தாவது படிக்கிற பிள்ளைகள்கூட ‘வாட்ச்மேன் எங்க போனான்’ என்றுதான் கேட்கும். நான் ஒருவன்தான் அவர் என்பேன். நாலு வருடம் அப்படித்தான் சொன்னேன். எங்கள் வீட்டிலிருந்து தினமும் இரண்டு வேளை டீ போகும். அவருக்கென்று தனி டம்ளர் வைத்திருந்தாள் என் மனைவி சுகுணா. நல்ல கனமான எவர்சில்வர் டம்ளர். மீட்டர் பெட்டி மேல் இருக்கும், அங்கேயே ஊற்றுவாள், அவர் குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். வேறு எந்த வீட்டில் இப்படிச் செய்தார்கள்? ஒரு வீட்டிலும் இல்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் யார் பக்கம் இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அவரும் மனைவி மணியம்மாவும் அதோ, பம்ப் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அந்த ஒற்றை அறையில் இருந்தார்கள். அவர்களுக்கு வேறு வீடு கிடையாது. ஊரில் இருந்த கூரை ஒரு மழையில் போய்விட்டது. வேலை போனால் அறையும் போகும். அது எல்லோருக்கும் தெரியும்.

மாசி மாதம் போர் மோட்டாருக்குப் போகிற செம்புக் கம்பி காணாமல் போயிற்று. பட்டப்பகலில். தசரதன் அப்போது தண்ணீர் லாரிக்குக் குழாய் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் வாட்ச்மேன் என்றால் எட்டுத் திசையும் கண் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். எடுத்தது யார் தெரியுமா? மோட்டாரை ரிப்பேர் பார்க்க வந்த மெக்கானிக்கேதான். அது பின்னால் தெரிந்தது. வாட்ஸப் குழுவில் ஒருத்தர் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஒரு வரி! பொங்கலுக்கு மட்டும் நூற்றிருபது கரும்புப் படம் போடுகிறார்கள்.

கம்பி போன நாலாம் நாள் அந்தச் செய்தி வந்தது. போட்டது செயலாளர் பத்மநாபன். எனக்கு இன்னும் மனப்பாடம். ‘உங்கள் வீட்டு வேலையாட்களின் ஆதார் எண் ஏழில் முடிகிறதா? உஷார். அவர்கள் மேல் போலீஸ் வழக்கு இருக்கிறது என்பதற்கான ரகசியக் குறியீடு அது. அரசாங்கம் இதை வெளியே சொல்லாது. பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.’ கீழே கைகூப்பின பொம்மை மூன்று.

அவ்வளவுதான். பத்மநாபன் போய்ப் பீரோவைத் திறந்து, வேலையாட்களின் ஜெராக்ஸ் வைத்திருக்கும் கோப்பை எடுத்தார். இங்கே பெருக்குபவர், இஸ்திரிக்காரர், கார் துடைப்பவர், எல்லோரிடமும் அட்டை நகல் வாங்கி வைப்பது வழக்கம். ஆறு பேர். தசரதன் எண் ஏழில் முடிந்தது.

குழுவில் ஒரு குரல் பதிவு போட்டார். “நான் ஒண்ணும் சொல்லல. நம்பர் என்ன சொல்லுதோ அதைத்தான் சொல்றேன். எல்லாரும் ஜாக்கிரதையா இருங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது சார். எண்ணைப் பற்றி என்னிடமா?

என் வேலை என்ன தெரியுமா? தண்டையார்பேட்டை யார்டில் வேகன் எண் எழுதுவது. கூட்ஸ் வண்டி வந்து நின்றதும் எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டிவரை நடந்துகொண்டே எழுத வேண்டும். வெயில், மழை, ஜல்லி, கிரீஸ். வேகன் எண் பதினோரு இலக்கம். முதல் இரண்டைப் பார்த்தால் அது என்ன வகைப் பெட்டி என்று சொல்லிவிடுவேன். அடுத்த இரண்டு, எந்த ரயில்வேக்குச் சொந்தம். அடுத்த இரண்டு, எந்த வருடம் செய்தது. பிறகு நாலு வரிசை எண். கடைசியில் ஒன்றே ஒன்று, சரிபார்க்கிற இலக்கம். இரட்டை இடத்தில் இருப்பதைக் கூட்டி மூன்றால் பெருக்கி, ஒற்றை இடத்தில் இருப்பதையும் சேர்த்தால் ஒரு தொகை வரும். அது அடுத்த பத்தை எட்ட எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி இலக்கம். நடுவில் எவனாவது ஒன்றைத் தப்பாக எழுதினால் கணக்கு உதைக்கும். பிடித்துவிடலாம். அதற்குத்தான் அது, வேறெதற்கும் இல்லை.

வேகனுக்கு அதன் ஜாதகமே எண்ணில் இருக்கிறது. மனுஷன் எண்ணில் அதுகூட இல்லை. ஆதாரில் முதல் பதினொன்றும் குலுக்கிப் போட்ட மாதிரி. கடைசி ஒன்று சரிபார்ப்பு. அவர்கள் போடுகிற கணக்கு வேறு, கொஞ்சம் பெரியது. ஆனால் வேலை ஒன்றுதான். பத்துப் பேர் நின்றால் ஏறக்குறைய ஒருத்தருக்கு ஏழில் முடியும். முடியத்தான் வேண்டும்.

இதைக் குழுவில் எழுதினேன். யாரும் படிக்கவில்லை. நீளமாக இருந்ததாம். ஷீலா மேடம், 1C, ஒரு கட்டைவிரல் போட்டார். அது எனக்கா, எனக்கு முன்னால் வந்த தோசைமாவு விளம்பரத்துக்கா என்று தெரியவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கேட்டேன். அதோ அந்தக் கார் நிறுத்துமிடத்தில்தான், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு. முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். வழக்கமாகப் பத்துப் பேர் வந்தால் அதிசயம். தசரதனும் கேட் பக்கமாக நின்றுகொண்டிருந்தார். நான்தான் நிற்கச் சொன்னேன். “உங்க விஷயம், நீங்க இருக்கணும்” என்றேன். அவர் வேண்டாம் என்றார். நான் விடவில்லை.

பத்மநாபன் ஆரம்பித்தார். “பாருங்க, யாரையும் நாம குத்தம் சொல்லல. இருந்தாலும் நமக்கும் குடும்பம் குட்டி இருக்கு.”

“செயலாளர் சார், ஒரு நிமிஷம். எல்லாரும் அவங்கவங்க ஆதாரை போன்ல எடுங்க. கடைசி நம்பரைப் பாருங்க” என்றேன் நான்.

“அது எதுக்கு?”

“எடுங்க, சொல்றேன்.”

எடுத்தார்கள். எல்லோருக்கும் தன் எண் மேல் ஒரு ஆசை இருக்கிறது சார், பார்த்திருக்கிறீர்களா? லாட்டரிச் சீட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

“ஏழுல முடியறவங்க கை தூக்குங்க.”

டாக்டர் சிரித்துக்கொண்டே தூக்கினார். 4B கல்லூரிப் பெண் தூக்கினாள். பின்னால் ஒரு தாத்தா தூக்கினார். பத்மநாபன் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

“சார், உங்களுது?”

“என்னுது இப்ப எதுக்கு? நானா வேலைக்கு வந்திருக்கேன்?”

அப்போது அவர் மனைவி, பாவம், வெள்ளை மனசு, “ஏங்க, உங்களுதும் ஏழுதானே? கேஸ் சிலிண்டர் புக்கு வாங்கறப்ப நான்தானே எழுதினேன்” என்றார்.

அந்தச் சிரிப்பு இருக்கிறதே! கார் நிறுத்துமிடத்தில் எதிரொலித்தது. டாக்டர் எழுந்து பத்மநாபன் கையைக் குலுக்கி, “வாங்க, நாம ரெண்டு பேரும் ஒரே ஸ்டேஷனா?” என்று கேட்டார். ஒரு புறா பறந்துபோயிற்று. தசரதன்கூட வாயைத் துண்டால் மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

நான் அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அங்கே நிறுத்தியிருந்தால் டீ பிஸ்கட்டோடு முடிந்திருக்கும்.

ஆனால் பத்மநாபன் முகத்தைப் பார்த்தேன் சார். எனக்கும் அவருக்கும் ஒரு பழைய கதை. தூணுக்கு இந்தப் பக்கம் இருக்கிற கார் இடம் எனக்கு ஒதுக்கியது. அதை அவர் மைத்துனருக்கு மாற்றிக் கொடுத்தார். ஆறு வருடமாக என் வண்டி வேப்பமரத்தடியில் காக்காய் எச்சத்தில் நிற்கிறது. அன்றைக்கு அவர் முகம் சுருங்கினதும் எனக்கு ஒரு இனிப்பு. இன்னும் கொஞ்சம் வேண்டும் போலிருந்தது. தசரதனுக்காகத்தான் பேசினேனா, தூணுக்காகப் பேசினேனா? பல நாள் யோசித்தேன். இரண்டுக்கும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பேசினால் தப்பா?

வேகன் கதையெல்லாம் சொன்னேன். சரிபார்க்கிற இலக்கத்தை அறிவிப்புப் பலகையில் போட்டுக் காட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசியில் பத்மநாபன் கையிலிருந்த கோப்பைப் பிடுங்கினேன். தசரதனின் ஜெராக்ஸை எடுத்து உயர்த்திப் பிடித்தேன்.

“ரகசியம் ரகசியம்னு தேடறீங்களே. ஒரு மனுஷனைப் பத்தித் தெரிஞ்சுக்க ரகசியம் எதுக்கு? எல்லாம் இதுல பச்சையா எழுதியிருக்கு. பேரு, பொறந்த வருஷம், அப்பா பேரு, ஊரு, தெரு. நம்பர்ல ஒண்ணும் இல்ல. நம்பரை விடுங்க, இதைப் படிங்க! நீங்களே படிங்க!”

நல்ல பேச்சு. இப்போதும் நல்ல பேச்சு என்றுதான் நினைக்கிறேன். முன்வரிசையில் ஷீலா மேடம் இருந்தார். அவர் கையில் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமாகவே வாசித்தார். பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொன்ன மாதிரி. “தசரதன். தகப்பனார் பேர் சின்னக்கண்ணு. கதவு எண் நாற்பத்தி மூணு, காலனித் தெரு, கீழ்ச்செம்பேடு.”

பிறகு, “ஓ” என்றார்.

‘ஓ’ மட்டும்தான். தாளைப் பக்கத்து நாற்காலிக்குக் கொடுத்தார். அது கை மாறிக் கை மாறி வரிசையாகப் போயிற்று. ஒவ்வொருத்தரும் ஒரு கணம் பார்த்தார்கள். யாரும் எண்ணைப் பார்க்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். எண் கீழே இருந்தது, எல்லோர் கண்ணும் மேலே இருந்தது. எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒரு கிராமத்துப் பேருக்கு முன்னால் அந்தத் தெரு வந்தால் அது சேரி என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். உங்கள் பக்கமும் அப்படித்தானே?

சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ மின்விசிறி பற்றிக் கேட்டார்கள். பத்மநாபன் பேனாவை எடுத்து, ரொம்ப அமைதியாக, “எத்திராஜ் சார் சொல்றது சரிதான். நம்பர்ல ஒண்ணும் இல்ல. தீர்மானமா எழுதிடறேன்” என்றார். எழுதினார். ‘ஆதார் எண் பற்றிய செய்தி பொய் என்று கூட்டம் ஏகமனதாக ஏற்கிறது.’ நான் கையெழுத்துப் போட்டேன். ஜெயித்தேன் சார். அந்தக் கூட்டப் புத்தகத்தில் இருக்கிறது, வேண்டுமானால் பாருங்கள்.

திரும்பிப் பார்த்தபோது தசரதன் கேட்டில் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை ஒன்றொன்றாகச் சொன்னால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். கேட் பக்கம் மாடத்தில் பிள்ளையார் இருக்கிறார் பாருங்கள். நாலு வருடமாகத் தசரதன்தான் விடிந்ததும் குளித்துவிட்டு விளக்கேற்றுவார். செவ்வாய்க்கிழமை காலையில் இஸ்திரிக்காரர் ஏற்றினார். “வாட்ச்மேனுக்கு வேலை அதிகம், அதான்” என்றார்கள். மறுநாள் பால் பாக்கெட்டை வீடு வீடாகக் கொண்டுபோய் வைக்க வேண்டாம், பையில் கேட்டிலேயே தொங்கட்டும், நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். “பாவம், வயசானவர், மாடி ஏற வேண்டாம்.” அடுத்து, அவரிடமிருந்த குடிதண்ணீர்த் தொட்டியின் மூடிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். “ரெண்டு சாவி எதுக்கு, ஒண்ணு போதும்.” ஷீலா மேடம் வீட்டில் மணியம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். மேடம் பாத்திரம் கழுவுகிற மிஷின் வாங்கிவிட்டார். வீடு பெருக்க மட்டும் வந்தால் போதும், பின்வாசல் வழியாக. இந்தக் கட்டடத்தில் பின்வாசலே கிடையாது சார். பால்கனிப் படியைச் சொல்கிறார்.

யாராவது ஒரு வார்த்தை தப்பாகப் பேசினார்களா? இல்லை. எல்லோரும் ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். அப்போதுதான் அவரை ‘அவர்’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள், அதுதான் வேடிக்கை.

சித்திரையில் இன்னொரு கூட்டம். நிரந்தரப் பாதுகாப்புக்கு ஏஜென்சி ஆட்கள் போடலாம், தசரதனுக்கு வயதாகிவிட்டது, ஓய்வு கொடுக்கலாம் என்று தீர்மானம். பத்மநாபன் நேராக என்னிடம் வந்து நீட்டினார். நான் ஒருவன்தான் எதிர்ப்பேன் என்று தெரியும்.

படித்தேன். இரண்டு முறை படித்தேன். “இதுல எங்கயாவது அந்த நம்பர் விஷயம், கேஸ் விஷயம் வருதா?” என்று கேட்டேன்.

“சத்தியமா இல்ல சார். நீங்க ப்ரூவ் பண்ணிட்டீங்களே.”

“பின்னாடி யாரும் ஏழு எட்டுன்னு பேசக் கூடாது.”

“பேசவே மாட்டோம். வேணும்னா அதையும் எழுதிடறேன்.”

எழுதினார். ‘இம்முடிவுக்கும் அட்டை எண்ணுக்கும் தொடர்பில்லை.’ என் நிபந்தனையை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். கையெழுத்துப் போடாமல் என்ன செய்வது? அவருக்கு வயசு அறுபது என்பது உண்மை. உண்மைக்கு எதிராக நான் எப்படிப் பேச முடியும்? பொய்க்கு எதிராகத்தான் பேச முடியும். நான் சொல்வது புரிகிறதா?

அன்று மாலை அவர் அறைக்குப் போனேன். நான் போனேன் சார். வேறு யார் போனார்கள்? மணியம்மா துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். தசரதன் கூரையிலிருந்து பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அது அவர் வாங்கிப் போட்ட பல்பு.

“தசரதன், என்னால முடிஞ்சவரைக்கும் போராடினேன். உங்க மேல இருந்த பழியைத் தொடைச்சுட்டேன். அது போதும். தலை நிமிர்ந்து போகலாம்” என்றேன்.

அவர் பல்பைத் துண்டில் சுற்றினார். “எங்க சார் போறது?”

“ஊருக்கு...”

“ஊர்ல இன்னா இருக்குது? அதான் தெருப் பேரைப் படிச்சீங்களே.”

“நான் படிக்கல. ஷீலா மேடம் படிச்சாங்க.”

“படிக்கக் குடுத்தது யாரு?”

“நம்பர் பொய்னு நிரூபிக்க வேற வழி இல்ல தசரதன். இல்லன்னா உங்களைத் திருடன்னு சொல்லியிருப்பாங்க.”

“சொல்லட்டுமே சார்.” முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். “திருடன்னா இன்னா, நாலு நாள் சொல்லுவாங்க. கம்பி கெடைச்சா மறந்துடுவாங்க. வேற எங்கனா போய்க்கூட நான் திருடன் இல்லன்னு சொல்லிக்கலாம். இதை நான் இன்னான்னு சொல்லி இல்லன்றது?”

மணியம்மா, “ஏன்யா அவருகிட்ட பேசிக்கினு. மூட்டைய எடு” என்றார்.

“இல்ல புள்ள, சார் நல்லவரு. எனக்கோசரம் பலகையில கணக்கெல்லாம் போட்டாரு.”

கிண்டல் சார்! என்னைக் கிண்டல் செய்தான்! முப்பத்தொரு பேர் முன்னால் அவனுக்காக நின்று, செயலாளரைப் பகைத்துக்கொண்டு, இன்றுவரை லிஃப்டில் அவர் முகம் திருப்பிக்கொள்கிறார், அவனுக்காக. ஒரு நன்றி வேண்டாம். கிண்டல் வேண்டுமா? கேட்டைத் தாண்டும்போது ஒரு பார்வை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நேராகப் போனான். டாக்டர் கொடுத்த குடை, 4B கொடுத்த டார்ச், பழைய ஸ்வெட்டர், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான். எங்கள் டம்ளரை மட்டும் விட்டுவிட்டுப் போனான். கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு. அது அவனுடையதுதானே? நாலு வருடம் அவன் ஒருத்தன் மட்டும் குடித்தது. எங்கள் வீட்டில் இனி அதை யார் தொடப் போகிறார்கள்? எடுத்துக்கொண்டு போனால் என்ன?

அதோ இருக்கிறது பாருங்கள், மீட்டர் பெட்டி மேல். மூன்று மாதமாக இருக்கிறது. பெருக்குகிறவர்கூட நகர்த்துவதில்லை.

இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அது நேர் எதிரே தெரிகிறது. வாரத்தில் ஒரு நாள், முழுப் பகல். அதைப் பார்த்துக்கொண்டே எனக்கு ஒரு யோசனை வரும். தசரதன் வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த ஜெராக்ஸை வாங்கியது யார்? நான்தான். அப்போது நான் இணைச்செயலாளர். பொறுமையாக ஒவ்வொரு வரியும் பார்த்துதான் கோப்பில் வைத்தேன். எண் எழுதுகிறவன் கண் சார், ஒரு தடவை பார்த்தால் போதும், தப்பாது. அந்தத் தெருவின் பேர் எனக்கு முதல் நாளே தெரியும். நாலு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. ஒருத்தரிடம் சொல்லவில்லை! நினைத்துப் பாருங்கள், சொல்லியிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பார்கள். நாலு வருடம் அவருக்குச் சோறு கிடைத்தது என்றால் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான்.

சுகுணாவிடம் மட்டும் சொன்னேன். அது வீட்டு விஷயம். டீ கொடுக்கிறவளுக்குத் தெரிய வேண்டுமே.

அப்படியிருக்க, கூட்டத்தில் அந்தத் தாளைக் கையில் எடுத்தபோது எனக்கு அது ஞாபகம் வரவில்லையா? வந்ததா? இதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ‘எல்லாம் இதில் எழுதியிருக்கிறது, படியுங்கள்’ என்று சொன்ன வாய்க்கு என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும். தெரிந்துதானே சொன்னது. நல்லவனாக இருந்து ஒரு தப்பு நடந்துவிட்டதா, இல்லை... விடுங்கள். எண்ணில் ஒன்றும் இல்லை. அது நிரூபணமாகிவிட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பத்மநாபன் கார் ஹாரன் மாதிரி இருக்கிறது. இல்லை, தண்ணீர் லாரி.

நீங்கள் ஒன்றுமே பேசவில்லையே. பேர் எழுதினீர்களா? நல்ல கையெழுத்து. பேரை வைத்து எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. இனிஷியலும் போடவில்லை. இப்போதெல்லாம் எல்லோரும் இப்படித்தான் பேர் வைக்கிறார்கள், பொதுவாக.

அட்டை இருக்கிறதா? பயப்படாதீர்கள், சம்பிரதாயம்தான். இப்போது புதிதாக விதி வைத்திருக்கிறோம், குடிவருகிறவர்களிடமும் பார்க்க வேண்டும் என்று. என் முறையில் நான் சரியாகச் செய்துவிடுவேன். இந்தப் பக்கம் வேண்டாம் சார், நம்பரில் ஒன்றும் கிடையாது.

விலாசம் இருக்கும் பக்கத்தைத் திருப்புங்கள்.